காலைச் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

மணிமங்கலத்தில் இருக்கும் அன்புத் தம்பிக்கு,

இரவு உணவைப் பாதியாகக் குறைத்த பிறகும் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்காமல் நிற்பதும், சில நாள்களில் படுக்கும்போது இருந்த அளவைவிட எழும்போது கூடியிருப்பதும் தம்பியைக் கலங்க வைத்திருக்கின்றன. உண்ணாமல் உறங்கிய உடலில் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பது விளங்காத வீடுகளில், யாருமறியாமல் எதையோ தின்றதாகச் சுற்றத்தார் ஐயுறுவதும், நோயாளி தம்மையே நொந்துகொண்டு மறுநாள் இரவு பட்டினி கிடப்பதும், மாத்திரையைத் தாமாகவே ஒன்றுக்கு இரண்டாக்குவதும் வழக்கமாகிவிட்டன. பட்டினியும் கூடுதல் மாத்திரையும் ஒரே இரவில் சேர்ந்தால் விளையக்கூடிய கேடு, காலையில் சற்று ஏறித் தெரியும் எண்ணால் உடனடியாக விளைவதைவிடப் பெரிது. ஆகவே அந்த ஏற்றத்தின் காரணத்தை அறிந்துகொள்வதுதான் முதல் வேலை.

உறங்கும் உடலுக்கும் குளுக்கோஸ் வேண்டும்; மூளை இரவு முழுவதும் அதைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்காகக் கல்லீரல், உணவிலிருந்து வந்த குளுக்கோஸின் ஒரு பகுதியை, நெல்லைக் குதிரில் கொட்டிவைப்பது போலக் கிளைகோஜன் என்னும் சேமிப்புப் பொருளாக வைத்திருந்து, இரவில் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு குறையும்போது புதிதாகவும் குளுக்கோஸை ஆக்கிக்கொள்கிறது. இந்த வெளியீடு அளவு மீறாமல் அடக்கிவைப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். அதிகாலை 3 மணி முதல் 8 மணி வரையிலான நேரத்தில், உடலை விழிப்புக்கு ஆயத்தப்படுத்தும் கார்டிசால் என்ற ஹார்மோன் உயர்வதோடு, முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் சுரந்த வளர்ச்சி ஹார்மோனின் விளைவும் வெளிப்படுவதால், இன்சுலினின் பிடி தளர்ந்து கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸை வெளியிடுகிறது. நீரிழிவு இல்லாதவரின் கணையம் அந்நேரத்தில் சற்று அதிகமாகச் சுரந்து இதை ஈடுசெய்துவிடும். நீரிழிவு உள்ளவரிடம் அந்த ஈடு போதாமல் அளவு ஏறுகிறது. 1981இல் மரியா இனெஸ் ஷ்மிட்டும் அவருடன் ஆய்ந்தவர்களும் இதற்கு ‘விடியல் நிகழ்வு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். இது உடலின் இயல்பான ஓட்டத்தில் நேர்வது. நோயாளியின் ஒழுக்கக்கேட்டுக்குச் சான்று ஆகாது.

எனினும் காலை ஏற்றம் அனைத்தும் விடியல் நிகழ்வு என்று கொள்வதற்கில்லை. தாமதமாக உண்ட கனத்த உணவும், முன்னிரவில் போட்ட இன்சுலின் விடிவதற்குள் வலுவிழப்பதும் இதே தோற்றத்தைத் தரும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய வேதியியலறிஞர் மைக்கேல் சொமோஜி, நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்தால் உடல் அதை மீட்க முயன்று காலையில் மிகையாக உயர்த்திவிடும் என்று 1930களில் கருத்துரைத்தார். ஆனால் இரவில் தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் தாழ்ந்தே இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியதால், அந்த விளக்கம் இன்று அரிதாகவே ஏற்கப்படுகிறது.

இவற்றைப் பிரித்தறிய, படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன் என மூன்று வேளையும் சில நாள்கள் குளுக்கோமீட்டரில் பார்த்துத் தாளில் எழுதிவைப்பதே எளிய வழி. படுக்கும்போதே அளவு உயர்ந்திருந்தால் மாலை உணவையும் மருந்தையும் ஆராய வேண்டும். 3 மணிக்குச் சீராக இருந்து பிறகு ஏறினால் விடியல் நிகழ்வை நினைக்கலாம். 3 மணிக்கு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், மருந்தைக் கூட்டும் எண்ணத்தை விட்டு மருத்துவரை உடனே அணுக வேண்டும். வீட்டுக் கருவி உண்மை அளவிலிருந்து 15 விழுக்காடு வரை விலகக்கூடும் என்பதால், நேற்று 138, இன்று 146 என்று மனம் வருந்துவதில் பொருளில்லை.

தம்பியின் வாழ்க்கையில் இந்தக் கணக்கு மேலும் சிக்கலாவதற்குக் காரணம் ஷிப்ட் வேலை. மணிமங்கலத்திலிருந்து ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை எனக் கம்பெனிப் பேருந்தில் போய்வருவோருக்கு, மருத்துவ நூல்கள் சொல்லும் ‘காலை’ வாரத்துக்கு வாரம் இடம் மாறுகிறது. வெறும் வயிற்றுப் பரிசோதனை என்பதற்கு, தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாத 8 மணி நேர இடைவெளி வேண்டும். நள்ளிரவு ஒரு மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டு, நான்கு மணிக்குச் சர்க்கரை போட்ட தேநீரும் குடித்தவர், ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு ஆய்வகத்தில் கொடுக்கும் இரத்தம் அந்த வரையறைக்குள் வராது. உடலின் உட்கடிகாரம் ஷிப்ட் அட்டவணையோடு சட்டென்று மாறிவிடுவதில்லை ஆகையால், இரவில் உண்ட அதே உணவு பகலில் உண்டதைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. பணியிடத்தில் விழித்திருக்கும்போதே விடியற்கால ஏற்றமும் வந்து சேர்கிறது. இவ்வளவும் கலந்த ஓர் எண்ணை வைத்து மருந்தை மாற்றினால் அது தவறான அடிப்படையில் எடுத்த முடிவாகும்.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதப்படுவது காலையும் இரவும் உண்பவரை எண்ணி எழுதப்பட்டது. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. இரவுப்பணி முடித்து வந்து, சீட்டில் உள்ளபடி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு உண்ணாமல் உறங்கினால், பகல் உறக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் எடுப்பவருக்கு இந்த அபாயம் குறைவு. உறக்கத்தில் உடல் நனைய வியர்ப்பது, கெட்ட கனவு, எழும்போது தலைவலி ஆகியவை தாழ்வின் அறிகுறிகளாகலாம். விழித்து விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். இதை அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பர்களுக்கும் சொல்லிவைப்பது கட்டாயம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ‘இந்தியாப்’ (INDIAB) என்னும் நாடளாவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. ஆகவே தம்பியின் உற்பத்தி வரிசையிலேயே இதைச் சொல்லாமல் சுமப்பவர்கள் இருப்பார்கள் என்று எண்ணுவதில் பிழையில்லை. விடியல் நிகழ்வு உறுதியானால், இரவு உணவை முன்கூட்டியே முடிப்பது, உண்டபின் சிறிது நடப்பது, மருந்தின் வகையையும் வேளையையும் மருத்துவர் திருத்துவது ஆகியவை பயன் தரும். பெரும்பாலோருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இலக்காக வைக்கப்படுகிறது.

அடுத்த முறை இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் செல்லும்போது, அளவுகள் எழுதிய தாளோடு அந்த மாதத்து ஷிப்ட் அட்டவணையையும் தம்பி கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் எந்த உணவுக்கு முன் எந்த மாத்திரை, உணவு தவறினால் எதை நிறுத்துவது என்பவற்றை மருத்துவரிடமே கேட்டு, சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிவருவது நல்லது.

நலம் நாடும் அண்ணன்