"ஃபைனல் 2"னு கமிட் போடுறீங்களா?

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி 12 மணிக்கு லாகின் பக்கம் க்ராஷ் ஆகுது. நேற்று வரை நல்லாத்தான் இருந்தது. 'கிட் லாக்' அடித்துப் பார்க்கிறீர்கள்: "ஃபிக்ஸ்", "அப்டேட்", "ஃபைனல்", "ஃபைனல் 2". எதற்குத் திரும்பிப் போவது? எழுதினது நாமதான், நமக்கே புரியலை!

கமிட் மெசேஜ் இந்த மாதிரி ராத்திரிக்காகத்தான். மூன்று பழக்கம் போதும்.

1. முதல் வரி தலைப்பு. 50 எழுத்துக்குள் முடியுங்கள். "பக் ஃபிக்ஸ்" வேண்டாம். "காலி பாஸ்வேர்டில் லாகின் க்ராஷைச் சரிசெய்" என்று எழுதுங்கள்.

2. ஒரு வரி காலியாக விட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கோடில் எந்த வரி மாறியது என்பதை 'கிட் டிஃப்' காட்டிவிடும். காரணத்தை அது காட்டாது.

3. ஒரு கமிட்டில் ஒரு வேலை. தலைப்பில் 'மற்றும்' வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். அப்போதுதான் 'கிட் ரிவர்ட்' கொடுக்கும்போது கெட்டது மட்டும் போகும், நல்ல கோடு தங்கும்.

கடைசி கமிட்டில் அவசரத்தில் ஏதோ எழுதிட்டீங்களா? புஷ் பண்ணுவதற்கு முன் 'கிட் கமிட் --அமெண்ட்' கொடுத்துத் திருத்திடுங்க. டீம்மேட் உங்களை எழுப்ப வேண்டியிருக்காது!