ஜெட் படகின் பம்பு: மசகிடுதலும் பராமரிப்பும்

1977-ஆம் ஆண்டு, சர் எட்மண்ட் ஹில்லாரியின் தலைமையில் ஒரு குழுவினர் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து மூன்று ஜெட் படகுகளில் புறப்பட்டு, நீரோட்டத்தை எதிர்த்து இமயத்தை நோக்கிச் சென்றனர். மழைக்காலமாகையால் ஆறு வண்டல் கலந்து பெருகியிருந்தது. மலைப்பகுதியின் பாறைகளுக்கிடையேயும் ஏறிச் சென்ற அப்படகுகள், நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட்ட பிறகே நின்றன. அடியில் விசிறி துருத்தி நிற்கும் சாதாரண விசைப்படகு அவ்வழியே சென்றால், விசிறி பாறையில் மோதி உடைந்துபோகும். ஆழமற்ற ஆறுகளுக்கென நியூஜிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன் 1950-களில் உருவாக்கிய ஜெட் படகில் விசிறி வெளியே இல்லை. அதன் வேலையைப் படகினுள் அடங்கிய பம்பு செய்கிறது.

பம்பு, படகின் அடிப்புறத்திலுள்ள கிராதி வழியே நீரை உறிஞ்சுகிறது. இம்பெல்லர் என்னும் சுழற்சக்கரம் அந்நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதன் பின்னாலுள்ள அசையாத தகடுகள் நீரின் சுழற்சியை நேராக்க, குறுகிய நாசில் அதை வேகமான தாரையாக வெளியேற்றுகிறது. எதிர்விசையால் படகு முன்னேறுகிறது. தாரையைப் பக்கவாட்டில் திருப்பினால் படகும் திரும்பும்; தனியே சுக்கான் கிடையாது. ஆகவே பம்பு பலம் குன்றினால், வேகம் மட்டுமன்றித் திசையும் ஓட்டுபவரின் கையை விட்டுப் போகிறது. வெள்ளத்தில் மக்களை மீட்கச் செல்லும் படகுக்கு இது எத்தகைய அபாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பம்பின் தண்டு பல மாதிரிகளில் இருவகைப் பேரிங்குகளில் சுழல்கிறது. முன்புறப் பேரிங் எஃகு உருளைகளாலோ குண்டுகளாலோ ஆனது. நீரைப் பின்னே தள்ளும் இம்பெல்லர், தான் முன்னே தள்ளப்படுகிறது. அவ்விசை முழுவதையும் தாங்கிப் படகுக்குக் கொடுப்பது இப்பேரிங்கே. இதற்கு கிரீஸோ எண்ணெயோ வேண்டும். நீர் இதற்குப் பகை. பின்புறப் பேரிங் நீருக்குள்ளேயே இருப்பது. அதன் உட்புறம் பள்ளங்கள் வெட்டிய ரப்பர். அதற்கு நீரே மசகு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிப் பின்புறத்திலும் கிரீஸ் திணித்தால், அது மணலைப் பற்றிக்கொண்டு பள்ளங்களை அடைத்துவிடும். ரப்பரின் வகையைப் பொறுத்து அது உப்பவும் கூடும். எந்த மாதிரிக்கு எது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்க.

ரப்பருக்கு நீர் மசகாகுமா என்று மாணவர்கள் ஐயுறலாம். பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் பலகையின்மேல் அழுத்தி இழுக்கச் செய்க. அது பற்றிக்கொண்டு வர மறுக்கும். கண்ணாடியில் நீர் ஊற்றியபின் அதே துண்டு வழுக்கிச் செல்லும். நீரின்றி இழுத்த துண்டின் நிலையே, கரையில் நிறுத்திய படகை நீரில்லாமல் ஓட்டிப் பார்க்கும்போது பின்புறப் பேரிங்கிற்கு நேர்கிறது. சிறிது நேரத்திலேயே ரப்பர் சூடேறிக் கருகும்.

முன்புறப் பேரிங்கிற்கு கிரீஸ் ஏற்றுமுன் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். இல்லையேல் கிரீஸ் கன்னே மணலை உள்ளே செலுத்திவிடும். அளவுக்கு மீறிய கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும்; சீலையும் வெளியே தள்ளும். வெவ்வேறு வகைக் கிரீஸ்களைக் கலத்தலும் தவறு. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும். எண்ணெயில் ஓடும் பேரிங்காயின், எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். மேலும் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை. பழையதை வடித்து, நீர் புகுந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நீர்க் கசிவைப் பற்றி ஒரு குழப்பம் நேர்வதுண்டு. கயிறு போன்ற பாக்கிங் சுற்றிய கிளாண்டு உள்ள பம்பு ஓடும்போது சில சொட்டுகள் விழவே வேண்டும். சொட்டு முற்றிலும் நிற்கும்வரை முறுக்கினால் பாக்கிங் காய்ந்து தண்டைத் தேய்க்கும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பிலோ, சீலுக்கும் பேரிங்கிற்கும் இடையிலுள்ள சிறு துளையில் நீர் தொடர்ந்து சொட்டுவது சீல் தேய்ந்ததன் அடையாளம். அத்துளையைத் துணியாலோ சோப்பாலோ அடைப்பவர்கள், வெளியே செல்ல வேண்டிய நீரைப் பேரிங்கிற்குள் அனுப்புகின்றனர்.

எஞ்சின் விரைந்து சுழன்றும் படகு செல்லவில்லையெனில், முதலில் கிராதியில் களையோ, இம்பெல்லரில் கல்லோ சிக்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்ட பிறகே மூடியைத் திறக்கலாம். உள்ளே செல்வது கையாகும். அடைப்பு இல்லையெனில் தேய்மானத்தை ஆராய்க. இம்பெல்லருக்கும் அதைச் சூழ்ந்த வளையத்திற்கும் இடையே, புதிய பம்பில், மில்லிமீட்டரில் ஒரு பகுதியே இடைவெளி இருக்கும். மணல் கலந்த நீர் அதை அகலமாக்க, தள்ளப்பட்ட நீர் முன்னே திரும்பி வழிகிறது. பீலர் கேஜினால் நான்கு பக்கமும் அளப்பது நலம். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி மிகுந்திருந்தால், பின்புறப் பேரிங் தேய்ந்து தண்டு தாழ்ந்திருக்கலாம். அப்பேரிங்கை மாற்றாமல் வளையத்தை மட்டும் மாற்றினால், புதிய வளையத்தையும் இம்பெல்லர் உராய்ந்து கெடுக்கும்.

கடல்நீரில் ஓடிய பம்பை, கையேட்டிலுள்ள முறைப்படி நன்னீரால் கழுவ வேண்டும். அரிப்பைத் தான் ஏற்கும் துத்தநாகக் கட்டிகளுக்கு வர்ணம் பூசலாகாது. பூசினால் அவை பயனற்றுப்போகும். ஓடிய மணிகள், ஏற்றிய கிரீஸின் அளவு, அளந்த இடைவெளி ஆகியவற்றைத் தேதியுடன் படகின் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த முறை அளப்பவருக்குத் தேய்மானத்தின் வேகம் தெரியவரும்.