கூமுட்டையை உடைத்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

வைத்ததில் பாதி பொரியவில்லை, வேறு இன்குபேட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வாங்காதே. பொரியாமல் நின்ற முட்டைகளை முதலில் உடைத்துப் பார். நாற்றத்துக்கு அஞ்சிக் கூமுட்டையை அப்படியே குழியில் போடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். நீ தேடும் காரணம் அதற்குள்தான் இருக்கிறது.

ஏழாம் நாள் டார்ச் அடிக்கும்போது உள்ளே ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிகிற முட்டைக்கெல்லாம் சேவல் மேல் பழி போட்டுவிடாதே. தட்டில் உடைத்து ஊற்றி மஞ்சள் கருவைப் பார். சின்னதாக, அடர்த்தியாக ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கரு கூடவே இல்லை. அதே இடம் அகன்று, பாலாடை போல வெளிறிப் படர்ந்திருந்தால் கரு கூடி, முதல் ஓரிரு நாளில் செத்திருக்கிறது. முன்னதற்குச் சேவலைக் கவனி: எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும், ஆனால் கொழுத்த சேவல் சரியாக மிதிக்காது. பின்னதற்குப் பெரும்பாலும் முட்டை வைத்திருந்த அறையே காரணம்.

முட்டை பெட்டையின் உடலுக்குள் ஒரு நாள் இருக்கிறது. அந்தச் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். வெளியே வந்து சுமார் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் அது அடங்கிக் காத்திருக்கும். சித்திரையில் நாமக்கல் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் 35 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் கரு ஒழுங்காக வளரவும் முடியாது, அடங்கவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து சாகும். 15 முதல் 18 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம், ஏழு நாளுக்குள் அடை: இதுதான் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும், பொரிகிற குஞ்சும் தாமதமாக வரும். வீட்டு ஃபிரிட்ஜின் நான்கைந்து டிகிரி கருவுக்கு ஆகாது. வெளியே எடுத்ததும் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி நுண்துளை வழியே உள்ளே போகும். குளிர் அறை இல்லையென்றால் ஈர மணலில் மண்பானையைப் பதித்து அதில் வை, கோடையில் மூன்று நான்கு நாளுக்குள் அடை வைத்துவிடு. தட்டு நிறையட்டும் என்று இரண்டு வாரம் சேர்க்கிற பழக்கத்தை விடு, தம்பி. காலித் தட்டால் ஒரு நட்டமும் இல்லை.

தாய்க்கோழி பத்துப் பன்னிரண்டு நாள் இட்டுச் சேர்த்துத்தானே அடை உட்காருகிறது என்பாய். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை முட்டையிட வரும்போதும் பழைய முட்டைகளின் மேல் சற்று உட்கார்ந்து சூடேற்றிவிட்டுப் போகிறது. நெடுநாள் வைத்த முட்டையைப் பெரிய பொரிப்பகங்களில் இடையிடையே சில மணி நேரம் சூடேற்றுவதும் இதைப் போன்றதுதான்.

இனி தீவனம். நீ போடுவது லேயர் தீவனம், தின்கிற முட்டைக்கானது. பெட்டை அதைத் தின்று நன்றாகவே இடும், உள்ளே வளரும் குஞ்சுக்குத்தான் வைட்டமின் பற்றாது. இதையும் உடைத்த முட்டை காட்டும். வளர்ச்சி குன்றி, தூவி முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தால் ரைபோஃபிளேவின் குறைவு. கிளிமூக்கும் குட்டைக் காலுமாகக் கடைசி நாட்களில் செத்திருந்தால் மாங்கனீசை நினை. பிரீடர் தீவனத்துக்கு மாறு. கிடைக்காவிட்டால் வைட்டமின், தாதுக் கலவை சேர். முருங்கைக்கீரையும் அசோலாவும் கூடவே போடு. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை, விலை எவ்வளவு குறைந்தாலும், தொடாதே. அதன் நஞ்சு பெட்டை வழியாகக் கருவையும் கெடுக்கும். மஞ்சள் கரு திரளவே பத்து நாள் போல ஆகும், அதனால் தீவனம் மாற்றி இரண்டு வாரம் கழித்தே அடைக்கு முட்டை சேர்.

முட்டையைக் கழுவாதே, அகன்ற முனை மேலே இருக்கும்படி வை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் இட்ட தேதியை எழுது. ஏழு நாளைத் தாண்டியதைத் தனித் தட்டில் வைத்து, இரண்டு தட்டிலும் பொரியாததை உடைத்துப் பார்த்துக் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்