கொல்லையில் முளைத்த கன்று எது? இலையைப் பார்த்து அறிவோம்



மழை பெய்ததும் கொல்லையிலும் வேலியோரத்திலும் பல கன்றுகள் தாமாக முளைக்கின்றன. துப்புரவு செய்யும்போது எல்லாவற்றையும் களை என்று பிடுங்கி விடுகிறோம். நிழல் தரவேண்டிய வேம்பு குப்பைக்குப் போகிறது. மூலையில் தப்பிய சீமைக் கருவேலம் முட்புதராகிறது. பிடுங்குமுன் அடையாளம் பார்ப்பது நல்லது.

முதலில் வெளிவரும் இரண்டு தடித்த இலைகள் வித்திலைகள். அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அதன்பின் நான்கைந்து இலைகள் வரும்வரை பொறுங்கள். ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இருந்தால் அது கூட்டிலை. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இராது.

வேம்பு: முதல் இலைகள் மூன்று பிரிவாக, ஆழமாக வெட்டுண்டிருக்கும். பின்னர் வருபவை ரம்பப் பல் போன்ற ஓரமுள்ள கூட்டிலைகள். காம்பு மீண்டும் கிளைத்துச் சிற்றிலைகள் தாங்கினால் அது மலைவேம்பு.

புளி: தடித்த வித்திலைகள் மண்ணுக்கு மேலே எழும். ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நெருக்கமாக இருக்கும். முள் கிடையாது.

சீமைக் கருவேலம்: வித்திலைகள் சிறியவை. முதல் இலை புளியைப் போலத் தோன்றி ஏமாற்றும். அடுத்த இலைகளில் காம்பு இரண்டாகப் பிரியும். கணுக்களில் முள் தோன்றும். இதை வேரோடு எடுத்துவிடுங்கள்.

நாவல்: எதிரெதிராகப் பளபளக்கும் தனி இலைகள், கசக்கினால் மணக்கும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் முளைப்பதும் உண்டு.

அரசு: நுனியில் நீண்ட வால் உள்ள இலை. பறவை எச்சத்தால் சுவர் இடுக்கிலும் மொட்டை மாடியிலும் முளைக்கும். வேர் பருத்தால் சுவர் வெடிக்கும். சிறிதாக இருக்கும்போதே எடுத்து, கட்டடங்களுக்குத் தொலைவில் நடலாம்.

தெரியாத இலையைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். உடைத்தால் பால் வடியும் செடியைத் தொட்ட கையால் கண்ணைத் தொடக்கூடாது. எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும்.

நல்ல கன்று தவறான இடத்தில் முளைத்திருந்தால், மாலை வேளையில் ஆணிவேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து நட்டு, உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கன்று பெரிதாகப் பெரிதாக ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். அதனால் தாமதிக்க வேண்டாம்.

பயிற்சி: பிள்ளைகளுடன் கொல்லையைச் சுற்றி வாருங்கள். ஐந்து கன்றுகளின் அருகே குச்சி நட்டு, இலை அமைப்பு, ஓரம், முள், மணம் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். காசு கொடுத்து வாங்காத நிழல் மரம் ஒன்று அவற்றில் இருக்கக்கூடும்.