கறி என்றால் எந்தக் கறி?

திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் பையை எடுத்துக்கொண்டு "கறி எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினால் அது ஆட்டுக்கறிதான். கோழி வாங்கப் போனால் கோழி என்றே சொல்லியிருப்பார். காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருவரங்கத்து வைணவர் வீடுகளுக்குப் போனால், கறியமுது என்பது காய்ப் பொரியல். சீனாவில் வெறுமனே 'இறைச்சி' என்றால் பன்றிக்கறி. மாடு, ஆடு என்றால்தான் பெயர் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு ஊருக்குக் 'கறி' எது என்பதில் நாக்குக்கு இருக்கும் பங்கு வயலுக்கும் உண்டு.

முதலில் சீனாவைப் பார்ப்போம். அங்கே 8,000 ஆண்டுகளுக்கு முன்பே பன்றி வளர்த்தார்கள். வீடு என்பதற்கான சீன எழுத்தே கூரைக்குக் கீழே ஒரு பன்றி. ஜனம் அதிகம், மேய்ச்சல் நிலம் குறைவு, மாடு உழவுக்கு வேண்டும். பன்றிக்கோ தவிடு, காய்த்தோல், கழுநீர் போதும்; ஒரே ஈற்றில் எட்டு, பத்து குட்டி போடும். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டிலில் எரு சேரும். அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப்.எச். கிங் 1909இல் அங்கே போய்ப் பார்த்தார். 4,000 ஆண்டு உழுத மண் இன்னும் விளைகிறதே என்று வியந்து அவர் எழுதிய நூல் 1911இல் வந்தது. கழிவெல்லாம் நிலத்துக்கே திரும்பியதுதான் அவர் கண்ட காரணம்.

நம்ம பக்கம் அந்த வேலையை ஆடு செய்தது. மணப்பாறை, துறையூர்ப் பக்கம் மானாவாரிக் காடும் புறம்போக்கும் உண்டு. அங்கே வெள்ளாடு மேய்ந்தது. காவிரிக் கரையில் சம்பா அறுத்ததும் வயல் சும்மா கிடக்கும். அப்போது இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தையை ஓட்டி வருவார்கள். பகலில் அறுத்த தாளில் மேய்ச்சல், இராத்திரி வயலில் கிடை. கறிக்கடைக்குப் போகும் கிடாய் இப்படி வயலுக்கு எரு கொடுத்து வளர்ந்ததுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து 3 சதம், மணிச்சத்து 1 சதம், சாம்பல்சத்து 2 சதம். ஒரு ஆடு ஒரு இரவில் காய்ந்த எடைக்குக் கால் கிலோ போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 ஆடு, 10 இரவு: 1,000 கிலோ. அதில் தழைச்சத்து 30 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை யூரியாவுக்குச் சமம். மூத்திரம் தனி வரவு. 'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

சீனாவில் இன்று பன்றி முற்றத்தை விட்டுப் பெரும் பண்ணைக்குள் போய்விட்டது. தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் சோயாவை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். பெரும்பகுதி பிரேசிலில் இருந்து. எருவாக இருந்த சாணம் ஒரே இடத்தில் குவிந்து ஆற்றைக் கெடுக்கிறது. 2018இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது; அடுத்த ஆண்டே கறி விலை இரண்டு மடங்கானது. தட்டில் அதே கறிதான். வயலோடு இருந்த உறவு அறுந்துவிட்டது.

நம்ம ஊரிலும் அது அறுந்துகொண்டிருக்கிறது. தாளை எரிக்கிறோம், வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறோம். பிறகு கீதாரி எதை நம்பி மந்தையை இறக்குவார்?

இந்தப் பருவத்தில் மூன்று காரியம் செய்யலாம். தை அறுவடைக்கு முன்பே பக்கத்து நாலு வயல்காரர்கள் சேர்ந்து கீதாரியிடம் பேசி நாள் குறியுங்கள். நாலு வயல் சேர்ந்தால்தான் மந்தைக்கு மேய்ச்சல் காணும். கூலியோடு நெல்லும், ஆட்டுக்குக் குடிதண்ணீரும் கொடுங்கள். கிடை நகர்ந்ததும் வெயிலில் புழுக்கையைக் காயவிடாமல் மேலாக ஒரு உழவு ஓட்டிவிடுங்கள். தாமதித்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.