எயார் சாண்டர்: பழுதறிதலும் திருத்துதலும்

கற்றல்பேறுகள்
இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• எயார் சாண்டர் இயங்கும் விதத்தை விளக்குவீர்கள்.
• பழுது வளி வழங்கலிலா, கருவியிலா என வேறுபடுத்தி அறிவீர்கள்.
• பொதுவான பழுதுகளுக்குக் காரணமும் திருத்தமும் எழுதுவீர்கள்.

அறிமுகம்
சம்மாந்துறை, கல்முனைப் பகுதிகளில் வாகனத் திருத்தகங்களில் புட்டி பூசிய இடத்தை மட்டஞ்செய்யவும், தளபாடப் பட்டறைகளில் பலகையை ஒப்பமாக்கவும் எயார் சாண்டர் உதவுகின்றது. "சாண்டருக்கு வலு இல்லை" என்றதும் கருவியைக் கழற்றத் தொடங்குவது தவறு. பழுது பெரும்பாலும் கருவிக்கு வெளியே இருக்கும். எனவே வளியமுக்கியிலிருந்து கருவியை நோக்கிப் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும்.

இயங்கும் விதம்
அமுக்கப்பட்ட வளி உருளையினுள் நுழைந்து, சுழலியின் பிளவுகளிலுள்ள தகடுகளைத் தள்ளுகின்றது. சுழலி சுழல, அதனுடன் இணைந்த தட்டும் அரத்தாளும் இயங்குகின்றன. பல சாண்டர்களுக்கு, அவை இயங்கும்போது நுழைவாயிலில் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 620 கிலோபஸ்கால் அமுக்கம் தேவை. கருவியில் பொறிக்கப்பட்டுள்ள அளவை மீறுதல் ஆகாது.

முதற் சோதனை: இரு மானிகள்
தாங்கியில் ஒரு மானியும் கருவியின் நுழைவாயிலில் ஒரு மானியும் வைத்து, கருவியை இயக்கிப் பாருங்கள்.
1. கருவி மானி உடனே குறைந்து, தாங்கி மானி குறையாதிருந்தால் இடையில் தடை உண்டு. குழாய் ஒடுங்கியதாக, நீளமானதாக அல்லது மடிந்ததாக இருக்கலாம், வடி அடைத்திருக்கலாம்.
2. முதலில் நன்றாக இயங்கி, சிறிது நேரத்தில் இரு மானிகளும் சேர்ந்து இறங்கினால், வளியமுக்கி வழங்கும் வளி கருவிக்குப் போதாது.
3. இரு மானிகளும் சரியாக இருந்தும் வலு இல்லையெனில் மட்டுமே கருவியைச் சந்தேகியுங்கள்.

பொதுவான பழுதுகள்
• கருவி தொடங்காமை: உராய்வுநீக்கி எண்ணெய் வற்றித் தகடுகள் பிளவுகளில் ஒட்டியிருக்கலாம். நுழைவாயிலில் எயார் கருவி எண்ணெய் சில துளிகள் இட்டுச் சில செக்கன்கள் இயக்குக. பயனில்லையெனில் திறந்து, தேய்ந்த தகடுகளை முழுத் தொகுதியாக மாற்றுக.
• வெளியேற்று துவாரத்தில் நீர் வருதல்: அமுக்கப்பட்ட வளி குளிரும்போது நீராவி ஒடுங்குகின்றது. நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரிகாலத்தில், வளியில் ஈரம் மிகுதியாதலால் இது அதிகம். தாங்கியின் நீரைத் தினமும் வடித்து, நீர்ப்பிரிப்பான் பொருத்துக. கவனியாவிடின் சுழலியும் போதிகைகளும் துருப்பிடிக்கும்.
• அதிக அதிர்வு: தட்டு கருவிக்குப் பொருத்தமற்றது, அரத்தாள் நடுவில் ஒட்டப்படவில்லை அல்லது போதிகை தேய்ந்துள்ளது. இவ்வொழுங்கிலேயே சோதிக்குக.
• பரப்பில் வட்டக் கீறல்கள்: கருவியைச் சாய்த்தோ அழுத்தியோ பிடித்தல், அரத்தாளின் அடியில் மணல் சிக்குதல், கரடான தாளிலிருந்து நேரே மிக நுண்ணிய தாளுக்குத் தாவுதல் என்பன காரணங்கள். வேலைமுறையைத் திருத்துக, கருவியைக் கழற்றத் தேவையில்லை.

பாதுகாப்பு
அரத்தாளை மாற்றுமுன் அல்லது கருவியைத் திறக்குமுன் குழாயைக் கழற்றி, நெம்பை அழுத்தி எஞ்சிய வளியை வெளியேற்றுக. இதைத் தவறவிட்டால், கை படும்போது தட்டு திடீரெனச் சுழன்று விரலைக் காயப்படுத்தலாம். கண்ணாடியும் தூசுக் கவசமும் அணிக. உடம்பிலுள்ள தூசை அமுக்க வளியால் ஊதாதீர்கள்.

மாதிரி வினா
சாண்டரை இயக்காதபோது கருவி மானி 90 காட்டுகின்றது. இயக்கியதும் 60 ஆகின்றது. தாங்கி மானி 110 இல் மாறாமல் உள்ளது. பழுது எங்கே? உமது முடிவுக்குக் காரணம் தருக.

விடை
பழுது தாங்கிக்கும் கருவிக்கும் இடையிலுள்ள வழியில் உள்ளது. தாங்கியில் போதிய அமுக்கம் இருப்பதால் வளியமுக்கி குற்றமற்றது. வளி ஓடும்போது மட்டும் அமுக்கம் இறங்குவது, வழியில் தடை இருப்பதைக் காட்டுகின்றது. எனவே குழாயின் விட்டம், இணைப்பிகள், வடி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும்.

நினைவிற்கொள்க: "பழுது எங்கே?" என வினவப்படின் இடத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மானி வாசிப்பைக் காட்டிக் காரணத்தையும் எழுதுங்கள்.