கழுதைகளும் சிவப்பு பல்பும்

மன்னார்த் தீவில் இரவில் கார் ஓட்டுகிறவன் பயப்பட வேண்டியது கழுதைக்குத்தான். சாம்பல் நிறம், தார் ரோட்டோடு ஒட்டிப்போய் நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் அசையாது. என்னுடைய 1961 மொறிஸ் மைனரிலோ, அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்ததும் ஹெட்லைற் மங்கும். கழுதையைக் கண்டு பிரேக்கை மிதித்தால் கழுதையே மறைந்துவிடும்! டைனமோவைக் கழற்றி ஓல்டனேற்றர் போட்டது அதனால்தான்.

டைனமோ கெட்டுப்போகவில்லை. லூகாஸ் சி40, நல்ல ஓட்டத்தில் 22 ஆம்பியர் தரும். ஆனால் அதில் உண்டாகும் மின்சாரம் முழுவதும் சுழலும் பகுதியில் பிறந்து காபன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் அதைக் கண்டபடி வேகமாகச் சுழற்ற முடியாது, புல்லியும் பெரிது. கார் நின்று ஓடும்போது சார்ஜ் ஏறாது. ஓல்டனேற்றரில் மின்சாரம் பிறப்பது அசையாத சுருளில். பிரஷ் வழியாகப் போவது கொஞ்சம்தான். சின்னப் புல்லி போட்டு வேகமாகச் சுழற்றலாம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பார்ட்ஸ் கடையொன்றில் ஒரு சின்ன ஜப்பான் காரின் 45 ஆம்பியர் ஓல்டனேற்றரை எடுத்தேன். 90 ஆம்பியரையும் காட்டினார்கள். வேண்டாம். இரண்டு ஹெட்லைற்றுக்கும் 60 வாற் ஹலோஜன் போட்டால் 10 ஆம்பியர், வைப்பர், பின்லைற் எல்லாம் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. பழைய வயர் 45ஐயே தாங்காது என்பதால், ஓல்டனேற்றரில் இருந்து ஸ்டார்ட்டர் சுவிச்சின் பற்றரி முனைக்குப் புதிதாகத் தடித்த வயர் இழுத்தேன். வரிப்பள்ளம் உள்ள புல்லியைக் கழற்றி, பழைய வி பெல்ட்டுக்குப் பொருந்தும் புல்லி மாட்ட வேண்டும். மைனரில் இக்னிஷன் கொயில் டைனமோவின் முதுகில் இருக்கும். டைனமோவைக் கழற்றினால் அதற்கும் புது இடம் பார்க்க வேண்டும். அறுபதுகளின் எம்ஜி மிட்ஜெட் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே ஏ-சீரிஸ் என்ஜின்தான்.

எல்லாம் பூட்டி, கடைசியாகப் பற்றரி வயரை வைத்தேன். படீரென்று பொறி, புது வயர் புகைந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு வயரிங்கார அண்ணை ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, பற்றரியைத் திருப்பிப் போட்டனியோ?"

நான் போடவில்லை. அந்தக் காலத்து மொறிசில் பொடியோடு சேர்வது பற்றரியின் பொசிற்றிவ் முனை. ஜப்பான் ஓல்டனேற்றருக்கு நெகற்றிவ்தான் பொடியில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் உள்ளே இருக்கும் டயோட்டுகள் பற்றரியை நேரே ஷோர்ட் பண்ணிவிடும். என்ஜினை ஸ்டார்ட் பண்ணக்கூட நேரம் கிடைக்காது. டயோட் தட்டு புதிதாக வாங்கினேன். பற்றரியின் இரண்டு முனைகளும் ஒரே பருமன் அல்ல, கிளிப்புகளையும் மாற்ற வேண்டும். கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆம்பியர் மீற்றர் பூட்டியிருந்தால் அதையும்.

அதற்குப் பிறகு வந்தது உப்பு. ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் இரவு திரும்பும்போது சோக் கேபிளைத் தொட்டேன், கை சுட்டது. என்ஜினையும் பொடியையும் இணைக்கும் எர்த் பட்டி பச்சைக் களிம்பு பிடித்துச் செத்துப்போயிருந்தது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. கடற்காற்றுப் படும் ஊரில் ஓல்டனேற்றர் வாங்கும் காசில் முதல் பங்கு எர்த்துக்குப் போகட்டும் என்பேன்: புதுப் பட்டி, இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிய இடம், பூட்டிய பிறகு மேலே வாசலின். எல்லா லைற்றும் எரியும்போது என்ஜினுக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில் மீற்றரை வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ற்றைத் தாண்டினால் எங்கோ களிம்பு இருக்கிறது. பற்றரியில் இப்போது எனக்கு 14.2 காட்டுகிறது.

ஸ்பீடோ மீற்றருக்குள் இருக்கும் சிவப்பு சார்ஜ் பல்ப் சும்மா அழகுக்கு இல்லை. அதன் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஓல்டனேற்றரை எழுப்புகிறது. தெரிந்தவர் ஒருவர் அதற்குப் பதிலாக எல்இடி போட்டுவிட்டு, சார்ஜ் இல்லையென்று ஓல்டனேற்றரை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினார். என் டாஷ்போர்ட் பெட்டியில் 2.2 வாற் பல்ப் இரண்டு எப்போதும் கிடக்கும், பழைய துணியில் சுற்றி.